முதலில் சோதிக்க வேண்டியது வெளியேறும் வழியை

புதிதாக ஒரு செயலியை உருவாக்குபவர்கள் அதை வெளியிடும் முன் சிலரை அழைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். பாதி முடிந்த முன்மாதிரியைக் கைபேசியில் திறந்து கொடுத்து, “பயன்படுத்திப் பாருங்கள், மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள்” என்பார்கள். விரல் எங்கே தயங்குகிறது, கண் எதைத் தேடுகிறது என்று பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்வார். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதியது செயலி வடிவமைப்புத் துறையில் வேதவாக்காகவே ஆகிவிட்டது. ரயில் டிக்கெட் எடுக்கவும் மின்கட்டணம் செலுத்தவும் உதவும் செயலிகளுக்கு இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது.

விபத்து, பேரிடர், போர், பாலியல் வன்முறை, குழந்தைப் பருவக் கொடுமை ஆகியவற்றால் ஏற்பட்ட மனக்காயத்தை ஆற்ற உதவுவதாகச் சொல்லும் செயலிகளுக்கும் இதே முறையை அப்படியே எடுத்துக்கொள்ளும்போதுதான் எனக்கு அச்சம் எழுகிறது. திரையில் வெறும் பெட்டி ஒன்று. அதன் மேலே ‘உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்’ என்ற வரி. எதிரே முன்பின் தெரியாத ஒருவர் குறிப்பேட்டுடன் இருக்கிறார். அந்தப் பெட்டி எளிதில் கண்ணில் படுகிறதா என்பதைத்தான் அவர் அறிய விரும்புகிறார். எழுத வந்த பெண்ணுக்கோ பல ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரவு திரும்பி வந்துவிட்டது. ஒரு மணி நேரம் முடிந்ததும் நன்றி சொல்லி, பயணச் செலவைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அன்றிரவு அவர் தூங்கினாரா என்று மறுநாள் கேட்கும் பொறுப்பு அந்தத் திட்டத்தில் யாருக்கும் தரப்பட்டிருக்காது.

மனக்காயத்துக்கான செயலியில் முன்மாதிரியைக் கையில் கொடுக்கும் கணத்திலேயே சிகிச்சையோ கேடோ தொடங்கிவிடுகிறது. வெறும் சோதனை என்று அதைத் தனியே பிரித்துவைக்க முடியாது. ஆகவே, ஒருவரை உள்ளே அழைத்துச் செல்லும் திரைகளைச் செதுக்கும் முன், அவர் எந்த நொடியிலும் நிறுத்திவிட்டு நலமாக வெளியேற முடிகிறதா என்பதைத்தான் முதலில் வடிவமைக்க வேண்டும், முதலில் சோதிக்கவும் வேண்டும்.

‘சொல்லித் தீர்த்துவிடு’ என்ற நல்லெண்ணம்

இது மிகையான எச்சரிக்கை என்று நினைப்பவர்களுக்கு நாற்பது ஆண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. 1983-இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிச்செல் என்ற உளவியலாளர், தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் பணியாளர்கள் போன்றோருக்காக ஒரு முறையை முன்வைத்தார். கொடிய நிகழ்வு ஒன்று நடந்த சில நாள்களுக்குள் அவர்களை உட்கார வைத்து, நடந்ததையும் கண்டதையும் அப்போது உணர்ந்ததையும் வரிசையாகச் சொல்ல வைப்பது. ‘டிப்ரீஃபிங்’ எனப்பட்ட இந்த முறை, நிகழ்வுக்கு ஆளானவர்களுக்கும் ஒரே அமர்வாகத் தரப்படலாயிற்று. மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும் என்பது எல்லோரும் நம்பக்கூடிய கருத்துதானே. உலகமெங்கும் பரவியது.

1997-இல் ஜோனதன் பிஸனும் அவரது குழுவினரும் வேல்ஸில் தீக்காயம் பட்டவர்களிடம் இதை முறையாகச் சோதித்தார்கள். 13 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்த அமர்வு தரப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு, பிடிஎஸ்டி எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலச் சிக்கல் இருந்தது. எதுவும் தரப்படாதவர்களில் அது 9 சதவீதம். 2000-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் மேயூ குழுவினர், சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களில், அமர்வு தரப்படாதவர்கள் தாமாகவே பெரிதும் தேறியிருந்தார்கள். அமர்வு பெற்றவர்கள் தேறவில்லை. காயம் ஆறுவதற்கு அதற்கென ஒரு வேகம் உண்டு. அவசரப்பட்டுத் திறந்ததில் அது தடைபட்டது.

செயலி உருவாக்குபவர்கள் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்த அமர்வுகளில் கலந்துகொண்டவர்களில் பலர் அது தங்களுக்கு உதவியாக இருந்ததாகவே சொன்னார்கள். அதாவது, ‘பயனர் திருப்தி’ என்ற அளவுகோலில் டிப்ரீஃபிங் தேறியிருந்தது. தன் பேச்சை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார் என்ற நிறைவு உண்மையானது. ஆனால், அந்த நிறைவு அடுத்த ஆண்டு நிலவரத்தைச் சொல்லாது. ஒரு மணி நேரச் சோதனையின் முடிவில் ‘ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்’ என்று கேட்டுப் பெறும் விடை, கேடு எதுவும் நேரவில்லை என்பதற்குச் சான்றாக முடியாது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தப் பாடம் நம் கடற்கரைகளையும் தொட்டது. மனநல உதவி தர நல்லெண்ணத்துடன் வந்திறங்கிய பல குழுக்களில் பயிற்சி உள்ளவர்களும் இருந்தார்கள், இல்லாதவர்களும் இருந்தார்கள். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து இயங்கும் ஐஏஎஸ்சி என்ற நிலைக்குழு, 2007-இல் அவசரகால மனநலப் பணிகளுக்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டபோது, ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்ல வைக்கும் முறையைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. பிரிட்டனில் மருத்துவ நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதையே சொல்கிறது.

பேசுவதே கூடாது என்பதல்ல. உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறையில், நினைவை மீண்டும் மீண்டும் சொல்வதே சிகிச்சையின் மையம். அதற்குப் பலமான சான்றுகளும் இருக்கின்றன. ஆனால், அங்கே பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் எதிரே இருக்கிறார். வாரக்கணக்கில் அமர்வுகள் நீள்கின்றன. எவ்வளவு தூரம் போவது, எங்கே நிறுத்துவது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். ‘உங்கள் கதையை எழுதுங்கள்’ என்று ஒரு பெட்டியைத் திறந்துவைத்து, எழுதி முடித்ததும் ஒரு பச்சை ‘டிக்’ போடும் செயலி, இவற்றில் எதுவும் இல்லாமல் அந்தச் சொல்லுதலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. டிப்ரீஃபிங் செய்த தவறு கைபேசிக்குள் திரும்பி வருகிறது என்றுதான் நான் கருதுகிறேன்.

கதை கேட்காத ஒரு செயலி

சரியாகச் செய்யப்பட்டதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2011-இல் ‘பிடிஎஸ்டி கோச்’ என்ற இலவசச் செயலியை வெளியிட்டன. இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பியவர்களில் பலர், மருத்துவரிடம் போகவே கூசிய காலம் அது. அந்தச் செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது, அது கேட்காமல் விட்டவை. பெயர் கேட்பதில்லை. கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. போரில் என்ன நடந்தது என்று கேட்பதே இல்லை.

இப்போது உங்களுக்கு என்ன தொந்தரவு என்று மட்டும் கேட்கிறது. தூக்கமின்மையா, கோபமா, நினைவு திரும்பி வந்து அலைக்கழிக்கிறதா? மனக்கலக்கம் எவ்வளவு என்பதை ஓர் அளவுமானியில் குறிக்கச் சொல்கிறது. பிறகு ஒரு சிறு பயிற்சியைத் தருகிறது. அது ஒத்துவராவிட்டால் வேறொன்றைக் கேட்கலாம். பயிற்சி முடிந்ததும் அளவுமானி மீண்டும் வருகிறது. தனக்கு அமைதி தரும் படங்களையும் பாட்டுகளையும் ஒருவர் தம் கைபேசியிலிருந்தே சேர்த்துக்கொள்ளலாம். நினைவைச் சொல்ல வைக்கும் சிகிச்சைக்கென அவர்கள் பிற்பாடு தனிச் செயலி ஒன்றையும் உருவாக்கினார்கள். அதையும் சிகிச்சையாளரோடு சேர்த்துப் பயன்படுத்துவதற்கான துணைக் கருவியாகவே வைத்தார்கள்.

2017-இல் எரிக் குன் குழுவினர் 120 பேரிடம் நடத்திய ஆய்வில், பிடிஎஸ்டி கோச் பயன்படுத்தியவர்களுக்குக் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. பிரமாதமான வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால், பேராசை இல்லாத ஒரு கருவிக்கு இது நியாயமான பலன்.

லெபனானில் உலக சுகாதார நிறுவனமும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமும் சேர்ந்து சோதித்த ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ என்ற இணையவழித் திட்டமும் கவனிக்கத்தக்கது. மனச்சோர்வில் இருக்கும் உள்ளூர் மக்களுக்கும் சிரிய அகதிகளுக்குமானது அது. தங்கள் கதையைச் சொல்லுமாறு அது யாரையும் கேட்கவில்லை. அவர்களைப் போன்ற ஒரு கற்பனை மாந்தரின் கதையைப் படங்களோடு சொல்கிறது. வாரத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம், பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் தொடர்புகொள்கிறார். அதை அங்கே கொண்டுசெல்வதற்கு முன், கதையின் பகுதிகளை உள்ளூர் மக்களிடம் வாசித்துக் காட்டி, எது புரியவில்லை, எது ஒட்டவில்லை, எது உறுத்துகிறது என்று கேட்டார்கள்.

மனக்காயச் செயலியின் முன்மாதிரியை எப்படிச் சோதிப்பது என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. சோதனைக்கு வருபவரிடம் அவருடைய காயத்தைக் கேட்காதீர்கள். ஒரு கற்பனைப் பெண்ணின் நிலைமையைச் சொல்லி, “இவருக்கு இந்தத் திரை உதவுமா?” என்று கேளுங்கள். தம்மைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்பதை வந்தவர் முடிவு செய்யட்டும். பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதை அறிய ஒருவரின் துயரம் தேவையில்லை. அதைக் காகிதத்தில் வரைந்த திரைகளை வைத்தே, உளவியல் ஆலோசகர்களிடமும் தேறி வந்தவர்களிடமும் முதலில் கேட்டுவிடலாம்.

அறைக்குள் இருக்க வேண்டியவர்

அதற்குப் பிறகுதான் இன்னும் காயம் ஆறாதவர்களை அணுக வேண்டும். அப்போது அந்த அறையில் வடிவமைப்பாளர் மட்டும் இருந்தால் போதாது. பேச்சு தடுமாறுவதையும் பார்வை எங்கோ நிலைத்துப்போவதையும் கண்டு உடனே நிறுத்தத் தெரிந்த ஆலோசகர் ஒருவர் வேண்டும். சோதனைக்கு வந்தவரின் நாற்காலி கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கலந்துகொள்வதற்கான தொகையை முன்னதாகவே முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும். கடைசிவரை உட்கார்ந்தால்தான் பணம் என்ற எண்ணம், போக வேண்டும் என்று உள்ளம் சொல்லும்போது உடலைப் பிடித்து வைக்கும். ‘தோன்றுவதையெல்லாம் சொல்லுங்கள்’ என்ற வழக்கமான கட்டளையையும் கைவிட வேண்டும். அதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டியது: “சொல்ல விரும்புவதை மட்டும் சொல்லுங்கள்.” மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வாரம் கழித்து இன்னொன்று, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. சோதனையின் முக்கியமான தகவல் அந்த அழைப்புகளில்தான் கிடைக்கும்.

நாள் முழுவதும் இத்தகைய அமர்வுகளில் இருக்கும் இளம் ஆய்வாளர்களையும் மறந்துவிடக் கூடாது. பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத்தாக்குபவர்களுக்கும் அந்தக் காயம் தொற்றும். அவர்களின் நலனுக்குத் திட்டத்தில் இடம் இருக்க வேண்டும்.

சோதனையில் எதைப் பார்ப்பது? அமைதி தருவதாகக் கருதப்படும் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். இத்தகைய செயலிகளில் கடல் அலையோசை ஏறக்குறைய தவறாமல் இருக்கும். ஆழிப்பேரலை வந்து பிள்ளையைக் கொண்டுபோன, கடலோர அக்கரைப்பேட்டைத் தாய் ஒருவருக்கு அந்த ஓசையை இயல்பான தேர்வாக வைத்து, தொட்டவுடன் ஒலிக்கும்படி செய்வது எவ்வளவு பெரிய அலட்சியம்! அதே கரையில் இன்னொருவருக்கு அந்த ஓசை இல்லாமல் தூக்கம் வராது என்பதும் உண்மைதான். அதனால்தான், தானே ஒலிக்கும் எதுவும் இருக்கக் கூடாது, தேர்வு அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். ‘கண்களை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்’ என்பதும் அப்படித்தான். பலருக்கு இதம் தரும். ஆனால், கண்ணை மூடினாலே அந்தக் காட்சி வந்துவிடுகிறவர்களும், மூச்சைக் கவனித்தால் நெஞ்சு இறுகுகிறவர்களும் உண்டு. கண்ணைத் திறந்துவைத்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லும் மாற்று வழி ஒன்று அதே திரையில் இருக்க வேண்டும்.

பிரிட்டன் அரசின் இணையதளங்களுக்கான வடிவமைப்புத் தொகுப்பில் ‘இந்தப் பக்கத்திலிருந்து வெளியேறு’ என்ற பொத்தான் ஒன்று இருக்கிறது. குடும்ப வன்முறைக்கு உள்ளானவர்கள் உதவி தேடும் பக்கங்களுக்காக உருவானது. அதை அழுத்தினாலோ, ‘ஷிஃப்ட்’ விசையை மூன்று முறை தட்டினாலோ, திரை சட்டென்று மறைந்து வானிலைப் பக்கம் வந்துவிடும். உலாவியின் வரலாற்றை அது அழித்துவிடாது என்பதால் முழுப் பாதுகாப்பு என்று அதைச் சொல்ல முடியாது. இருந்தாலும், உள்ளே இருப்பவர் திடீரெனப் போக வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்த வடிவமைப்பு அது.

நம் ஊரில் இதற்கு இன்னும் அதிகத் தேவை இருக்கிறது. கைபேசி என்பது ஒருவருடைய தனிப்பொருள் என்ற எண்ணமே இங்கு பல வீடுகளில் செல்லாது. நித்யா சாம்பசிவன் குழுவினர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளில் 199 பெண்களிடம் பேசி 2018-இல் வெளியிட்ட ஆய்வு, கைபேசியைக் கணவரோடும் பிள்ளைகளோடும் பகிர வேண்டியிருக்கும் பெண்கள் எதை எப்படி மறைத்து, அழித்து, பூட்டிச் சமாளிக்கிறார்கள் என்பதை விரிவாகக் காட்டியது. ‘இன்று உங்கள் மனக்காயப் பயிற்சியைத் தொடங்குங்கள்’ என்ற நினைவூட்டல், பூட்டிய திரையில் இரவு எட்டு மணிக்கு மின்னினால், அதை முதலில் படிப்பவர் யார்? காயப்படுத்தியவரே அந்த வீட்டில் இருந்தால்? ஆய்வுக்கூடத்தில் புதுக் கைபேசியை வைத்துச் செய்யும் எந்தச் சோதனையிலும் இது தெரியவராது.

யார் பயனர் என்பதிலேயே பிழை நேர்வதும் உண்டு. தற்கொலைத் தடுப்பில் நீண்ட அனுபவம் உள்ள பிரிட்டனின் சமாரிட்டன்ஸ் அமைப்பு, 2014 அக்டோபர் இறுதியில் ‘ரேடார்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. ட்விட்டரில் ஒருவர் பின்தொடர்பவர்கள் மனம் உடைந்து எழுதினால் அவருக்கு அது மின்னஞ்சல் அனுப்பியது. எச்சரிக்கை பெறுபவரையே அது பயனராகக் கொண்டது. எழுதியவருக்கோ, தாம் கண்காணிக்கப்படுவதே தெரியாது. துன்புறுத்துபவர் கையிலும் அந்த எச்சரிக்கை போய்ச் சேரலாம் என்று மனநலச் சிக்கல் உள்ளவர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில நாள்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. அவர்களிடம் முன்னரே கேட்டிருக்க முடியும்.

உரையாடும் இயந்திரங்கள் வந்த பிறகு இந்தக் கவனம் இன்னும் கூட வேண்டும். 2018 இறுதியில், சிறுவர்கள் பயன்படுத்தக்கூடிய இரு மனநல உரையாடல் செயலிகளைப் பிபிசி சோதித்தது. ஒன்று அமெரிக்காவின் ‘வோபாட்’, மற்றொன்று பெங்களூரில் தொடங்கிய ‘வைசா’. சிறார் பாலியல் கொடுமையைத் தெளிவாகச் சொல்லும் செய்திகளை அனுப்பியபோதும், உடனே உதவி தேடும்படி அவை சொல்லவில்லை. மோசமான நாளில் ஒருவர் எழுதக்கூடிய வரியை முன்கூட்டியே எழுதிப் பார்ப்பது எவ்வளவு அடிப்படையான சோதனை! 2023 ஜனவரியில் ‘கோக்கோ’ என்ற ஆதரவுத் தளம், ஏறக்குறைய 4,000 பேருக்கான ஆறுதல் மொழிகளை ஜிபிடி-3 என்ற செயற்கை நுண்ணறிவின் துணையுடன் எழுதிப் பார்த்ததாக அதன் நிறுவனரே அறிவித்தார். ஒப்புதலும் நெறிமுறை ஆய்வும் எங்கே என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது.

எதை வெற்றி என்று எண்ணுவது?

செயலி உலகின் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: திரும்ப வந்தாரா? அமித் பாவ்மெல் குழுவினர் 93 மனநலச் செயலிகளைப் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிறுவிய 30 நாள்களுக்குப் பிறகும் பயன்படுத்துபவர்கள் இடைநிலை அளவில் 3.3 சதவீதம்தான். இதைக் கண்டு பதறி, தொடர்ச்சிப் பதக்கங்களையும் நினைவூட்டல்களையும் கூட்டுகிறார்கள். மனக்காயத்தில் இந்த எண்ணிக்கை எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. ஒருவர் வராமல் போனது, நினைவைத் தொட அஞ்சி விலகியதாலும் இருக்கலாம், தேறிவிட்டதாலும் இருக்கலாம். ‘ஏழு நாள் தொடர்ச்சி முறிந்துவிட்டது’ என்று ஏற்கெனவே குற்றவுணர்வில் தவிப்பவரிடம் சொல்வது கொடுமை. தூக்கம் மேம்பட்டதா, வீட்டை விட்டு வெளியே போக முடிகிறதா, வேலைக்குத் திரும்பினாரா, உறவுகளோடு பேசுகிறாரா என்பவற்றைத்தான் அளக்க வேண்டும். அவற்றைக் கைபேசி தானாக எண்ணிச் சொல்லாது, யாராவது கேட்க வேண்டும்.

தகவல் பாதுகாப்பைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஃபின்லாந்தில் ‘வஸ்தாமோ’ உளசிகிச்சை மையத்தின் பதிவேடுகள் திருடப்பட்டு, 2020-இல் ஆயிரக்கணக்கான நோயாளிகளே நேரடியாக மிரட்டப்பட்டார்கள். சிகிச்சை அறையில் சொன்ன வார்த்தைகள் இணையத்தில் போடப்பட்டன. 2023-இல் அமெரிக்க வணிக ஆணையம், பயனர்களின் மனநலத் தகவல்களை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததற்காக ‘பெட்டர்ஹெல்ப்’ என்ற இணையவழி ஆலோசனை நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த உத்தரவிட்டது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நல, மனநலத் தகவல்களைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய தனி வகையாகப் பிரிக்கவில்லை. சோதனைக்காக எடுத்த காணொளிகளையும் குரல் பதிவுகளையும் குறித்த நாளில் அழிப்பது எழுத்துபூர்வமான கடமையாக இருக்க வேண்டும்.

புதிய மருந்தைச் சோதிக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் நோயாளிகளிடம் வினாத்தாள் கொடுக்கவும் அந்தக் குழுவைக் கேட்கிறார். ஒரு நிறுவனம் ‘இது ஆய்வு அல்ல, தயாரிப்பு மேம்பாடு’ என்று பெயர் வைத்துக்கொண்டு, வன்முறையிலிருந்து தப்பிய பெண்களை உட்கார வைத்துப் பேச வைக்கும்போது, அந்தக் கேள்வியே எழாமல் போகிறது. மனக்காயத்துக்கான எந்தச் செயலியின் முன்மாதிரியும், காயம் உள்ளவர்கள் கையில் போகும் முன் நெறிமுறைக் குழு ஒன்றின் முன் வர வேண்டும். அந்தக் குழுவில் அத்தகைய காயத்தைக் கடந்து வந்தவர் ஒருவராவது உறுப்பினராக இருக்க வேண்டும். வெளிநாட்டுச் செயலியைத் தமிழாக்கி வெளியிடுபவர்கள், அதன் அவசர உதவிப் பொத்தான் இங்கே வேலை செய்யாத அமெரிக்க எண்ணுக்குப் போகிறதா, 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணுக்குப் போகிறதா என்று அழைத்தே பார்க்க வேண்டும்.

நம் மாவட்ட மனநலத் திட்டத்தில் பணியாற்றும் ஆலோசகர்களும் கிராமச் செவிலியர்களும் யாரிடம் எப்படிக் கேட்பது, எங்கே நிறுத்துவது என்பதை அனுபவத்தில் கற்றவர்கள். வடிவமைப்பாளர்கள் முன்மாதிரியை வரையத் தொடங்கும் முன்பே அவர்களோடு உட்கார வேண்டும். அவர்களின் நேரத்துக்கு உரிய ஊதியமும் தர வேண்டும். அரசோ அறக்கட்டளையோ இத்தகைய செயலிக்குப் பணம் ஒதுக்கும்போது, சோதனையில் கலந்துகொண்ட ஒவ்வொருவரையும் குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்து கவனிப்பதற்கான செலவைத் தனித் தலைப்பில் எழுதச் சொல்லட்டும். அந்தத் தலைப்பு இல்லாத திட்ட மதிப்பீட்டை ஏற்காமல் திருப்பி அனுப்பட்டும்.